யார்? யாரை? யாருக்கு?

கோடிட்ட இடத்தை 'ஹூ' அல்லது 'ஹூம்' கொண்டு நிரப்புக. நாமெல்லோரும் எழுதிய கேள்வி இது. நம் மாணவர்களுக்கும் இதையே கொடுத்து வருகிறோம். இதில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை, வகுப்பு முடிந்ததும் தோழியிடம் 'ஹூ யூ சா?' என்று கேட்கிறது. நாம் கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி. ஆனால் நேரத்தையெல்லாம் முதலாவதில் செலவழிக்கிறோம்.

'ஹூம்' பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் யார், யாரை, யாருக்கு என்ற மூன்றுக்கும் தனித்தனி வடிவங்கள் இருந்தன. 'யாரை' என்பதற்குரிய வடிவம் வழக்கொழிந்தது. 'யாருக்கு' என்பதற்குரிய வடிவம் அந்த வேலையையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. இன்றைய 'ஹூம்' அதன் வழிவந்தது. பிறப்பால் நான்காம் வேற்றுமையான ஒன்றைத்தான் இரண்டாம் வேற்றுமை என்று கற்பித்துக்கொண்டிருக்கிறோம். செயப்படுபொருளைக் கேட்கும் இடத்தில் ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களே 'ஹூ' என்று பேசுகின்றன. பின்னாளில் லண்டன் பிஷப்பான ராபர்ட் லோத், 1762இல் வெளியிட்ட தம் இலக்கண நூலில் அதைப் பிழை என்றார். மொழியியலாளர் எட்வர்ட் சபீரோ 1921இல் எழுதிய நூலில், இன்னும் இரண்டொரு நூற்றாண்டில் வினாவின் தொடக்கத்தில் 'ஹூம்' சொல்ல ஆளிருக்காது என்று கணித்தார். அன்றாடப் பேச்சில் அந்த நிலை ஏறக்குறைய வந்தேவிட்டது. முன்னிடைச்சொல்லை ஒட்டி மட்டும் அது உறுதியாக நிற்கிறது. 'டு ஹூம் இட் மே கன்சர்ன்' என்று தலைப்பிட்ட சான்றிதழைப் பார்க்காதவர் நம்மில் யார்? ஆகவே 'ஹூ டிட் யூ மீட்?' என்று எழுதிய மாணவரின் மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம் என்பதே என் முடிவு.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். கரும்பலகையில் 'கவிதா ஹெல்ப்ட் ரவி' என்று எழுதுங்கள். கவிதாவை அழித்துவிட்டு, அதே இடத்தில் 'ஹூ' போடுங்கள்: 'ஹூ ஹெல்ப்ட் ரவி?' வேறெதுவும் அசையவில்லை. மறுபடி முழு வாக்கியத்தையும் எழுதி, இம்முறை ரவியை அழியுங்கள். இப்போது 'ஹூ' அந்தக் காலியிடத்தில் உட்காராமல் வாக்கியத்தின் தலைக்குப் போகிறது. எழுவாய்க்கு முன்னால் 'டிட்' வந்து நிற்கிறது. இறந்தகாலத்தை அது வாங்கிக்கொள்வதால் 'ஹெல்ப்ட்' வெறும் 'ஹெல்ப்' ஆகிறது: 'ஹூ டிட் கவிதா ஹெல்ப்?' அடுத்து, மிஞ்சி நிற்கும் பெயரை மாற்றச் சொல்லுங்கள். முதல் வினாவில் ரவி 'ஹிம்' ஆவான். இரண்டாவதில் கவிதா 'ஷி' ஆவாள். 'ஹூ ஹெல்ப்ட் ஹி?' என்று எழுதும் பிள்ளைக்கு இந்த ஒரு பலகை போதும்.

தமிழை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு இதைக் கற்பிப்பது வீண் சிரமம். 'யார் கூப்பிட்டாங்க?', 'யாரைக் கூப்பிட்டே?' இரண்டையும் ஐந்து வயதுக் குழந்தையும் குழப்பிக்கொள்வதில்லை. தமிழில் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் சொல்வரிசையும் 'டிட்'டும் சேர்ந்து செய்கின்றன என்று ஒருமுறை காட்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதியில்தான் பலர் விழுகிறார்கள். காரணம், தமிழ் வேற்றுமை எல்லா இடத்திலும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போவதில்லை. 'யாருக்குப் பசிக்குது?', 'யாருக்கு ஆங்கிலம் தெரியும்?', 'யாருக்கு டீ வேணும்?', 'யார்கிட்ட பேனா இருக்கு?' இவை நாம் நாள்தோறும் கேட்பவை. இவற்றில் எங்கும் வெறும் 'யார்' இல்லை. ஆங்கிலத்திலோ நான்கும் எழுவாயைக் கேட்கும் வினாக்கள்: 'ஹூ இஸ் ஹங்ரி?', 'ஹூ நோஸ் இங்லிஷ்?', 'ஹூ வான்ட்ஸ் டீ?', 'ஹூ ஹாஸ் எ பென்?' தமிழ் உருபை நம்பி நடக்கும் மாணவர் 'டு ஹூம்' என்று தொடங்கிவிட்டு மேலே போக வழியின்றி நிற்பார். அவர் தடுமாறுவது கவனக்குறைவால் அல்ல. தாய்மொழியின் நியாயத்தைப் பின்பற்றியதால்தான். தெரி, வேண்டு, பசி, பிடி, கிடை போன்ற வினைகளுக்குத் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். பாடநூலில் இந்தப் பகுதி இல்லையென்றாலும் ஒதுக்குங்கள்.

வேறோர் இடத்தில் தமிழ் நம்மைக் கைதூக்கிவிடுகிறது. 'ஹூம் டூ யூ திங்க் வில் வின்?' என்று நன்கு படித்தவர்களும் எழுதுகிறார்கள். இடையில் 'யூ திங்க்' வந்ததும், நினைப்பதற்குச் செயப்படுபொருள் வேண்டுமே என்று 'ஹூம்' போட்டுவிடுகிறார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'யார் ஜெயிப்பாங்கன்னு நினைக்கிறே?' 'யாரை' என்று சொல்ல வாய் வராது. ஜெயிப்பவர் எழுவாய், ஆகவே 'ஹூ'. இதையே 'யாரைத் தேர்ந்தெடுப்பாங்கன்னு நினைக்கிறே?' என்று மாற்றினால், அங்கே 'ஹூம்' எழுதவும் இடமுண்டு. நுட்பமான இந்த வேறுபாட்டை நீண்ட விதி எதுவும் சொல்லாமலே தமிழ் வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

'டிட் ஷி இன்வைட் யூ அண்ட் ஐ?' என்பதும் இதே போன்ற அதிகப்படித் திருத்தம்தான். 'யூ அண்ட்' என்பதை எடுத்துவிட்டுப் படித்தால் 'மீ' தானாக வரும். 'ஹூ வான்ட்ஸ் டீ?' என்றதும் 'மீ!' என்று கைதூக்கும் குழந்தையைத் திருத்த வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். முழு வாக்கியமாக எழுதும்போது 'ஐ டூ' போதும்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஹூ', 'ஹூம்' கோடிட்ட இடத்தை அடுத்த தேர்வில் விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, எழுவாயைக் கேட்டு ஒரு வினாவும் செயப்படுபொருளைக் கேட்டு ஒரு வினாவும் எழுதச் சொல்லுங்கள். விடைத்தாள்களில் என்னென்ன பிழைகள் வந்தன என்பதைக் குறித்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.