இவருக்குப் பதில் இவர்: 'கல்கி' இரண்டாம் பாகத்தில் சுமதி இனி யார்?

'கல்கி 2898 ஏடி' இரண்டாம் பாகத்தில் தீபிகா படுகோன் இல்லை என்று 2025 செப்டம்பர் 18-ம் தேதி தயாரிப்பு நிறுவனமான வைஜெயந்தி மூவீஸ் அறிவித்தது. இப்படிப்பட்ட படத்துக்கு முழு ஈடுபாடு தேவை என்று காரணம் சொன்ன அந்த அறிவிப்பில், மாற்று நடிகை யார் என்பது இல்லை.

சுமதி ஏன் முக்கியம்?

2024 ஜூன் 27-ல் வெளியான முதல் பாகத்தின் அச்சாணியே சுமதிதான். அவர் வயிற்றில் வளரும் குழந்தையைக் காக்க அமிதாப் பச்சனின் அஸ்வத்தாமா போராடுகிறார். அதே சுமதியைப் பிடித்துக் கொடுத்து ஆதாயம் பார்க்க அலைகிறார் பிரபாஸின் பைரவா. கமல்ஹாசனின் யாஸ்கினுக்குத் தேவையும் அவரேதான். அவர் இல்லாமல் கதை ஒரு அடி நகராது. அதனால் 'சுமதி வெளியூர் போயிட்டாங்க' என்று ஒரு வசனத்தில் முடித்துவிட முடியாது.

எந்திரனில் நடந்தது என்ன?

ஆள் மாறுவது நமக்குப் புதுசு இல்லை. ஷங்கரின் ரோபோ கதை முதலில் கமல்ஹாசன், பிரீத்தி ஜிந்தாவோடு போட்டோஷூட் வரை போனது. பிறகு ஷாருக்கானிடம் பேச்சு நடந்து, கடைசியில் ரஜினிகாந்திடம் வந்து 2010-ல் 'எந்திரன்' ஆனது. யாருக்கும் வருத்தமில்லை, ஏனென்றால் சிட்டியாக வேறு முகத்தை ரசிகர்கள் பார்த்திருக்கவே இல்லை.

படம் வந்த பிறகு கதை வேறு. 2018-ல் வந்த '2.0'-வில் ஐஸ்வர்யா ராய் இல்லை. அதற்காக சனா வேடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை. போனில் குரலாக மட்டும் வந்துபோனார் சனா.

ஹாலிவுட் எப்படி சமாளித்தது?

மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, எதுவும் சொல்லாமல் மாற்றுவது. ஹல்க் கதையில் 2008-ல் எட்வர்ட் நார்டன், 2012-ல் 'அவெஞ்சர்ஸ்' வந்தபோது மார்க் ரஃபலோ. நம்ம சீரியலில் வரும் 'இவருக்குப் பதில் இவர்' கார்டுகூட இல்லை!

இரண்டு, கதையிலேயே வழி வைப்பது. 'டாக்டர் ஹூ' தொடரில் 1966-ல் நாயகனின் உடலே புதிதாக மாறுவதாகக் காட்டினார்கள். 2009-ன் 'ஸ்டார் டிரெக்' காலக்கோட்டையே மாற்றி, புது ஸ்பாக்கின் எதிரில் பழைய ஸ்பாக் லெனார்ட் நிமாயையும் நிறுத்தியது.

மூன்று, மாற்றாமலே விடுவது. சாட்விக் போஸ்மேன் 2020-ல் இறந்த பிறகு, அடுத்த 'பிளாக் பாந்தர்' படத்தில் டி'சாலா வேடத்தை வேறு யாருக்கும் தரவில்லை.

கல்கிக்கு எது பொருந்தும்?

மூன்றாவது வழி இங்கே வேலைக்கு ஆகாது. இரண்டாவதற்குக் கதவு திறந்தே இருக்கிறது. சுமதியிடமிருந்து எடுத்த ஒரு துளியால் யாஸ்கினின் உடலே மாறுவதை முதல் பாகம் காட்டிவிட்டது. கிருஷ்ணரின் முகத்தைக் காட்டாமலே, அந்த வேடத்தை ரசிகர்களிடம் கொண்டுசேர்த்த படமும் இதுதான். ஆனால் சுமதியின் முகம் மனதில் பதிந்த முகம்.

இது வெறும் முகப் பிரச்னையா?

இல்லை. முதல் பாகத்தின் விளம்பர நிகழ்ச்சிக்கு தீபிகா கர்ப்பிணி வயிற்றோடு வந்தார். 2024 செப்டம்பரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. விலகல் அறிவிப்புக்குப் பின் எட்டு மணி நேர வேலை பற்றிய விவாதம் சூடானது. ஆண் நட்சத்திரங்கள் பல வருஷமாக அப்படித்தான் வேலை செய்கிறார்கள், அது செய்தியாவதில்லை என்று தீபிகா அதன்பின் ஒரு பேட்டியில் சொன்னார். 'ஈடுபாடு' என்பதை எத்தனை மணி நேரத்தால் அளப்பது என்பதில்தான் இரு தரப்பும் வேறுபடுகின்றன என்று சினிமா வட்டாரத்தில் பேசப்பட்டது.

புது சுமதியை ரசிகர்கள் ஏற்பார்களா என்பதை முதல் பத்து நிமிடக் காட்சிகள் முடிவு செய்துவிடும். கைக்குழந்தையோடு வேலைக்குத் திரும்பும் நடிகைக்கு நம் படப்பிடிப்புத் தளங்களில் இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு, எந்த நாயகி மாற்றமும் பதில் ஆகாது.