ஊசிக்கு முன் ஒரு வார்த்தை

என் முன்னாள் மாணவி ஒருத்தி ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிஃப்டு பார்க்கிறாள். ஏதோ ஒரு கிளினிக்கில் மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டிருக்கிறாள். “மாதவிலக்கு தாறுமாறாகும்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மேடம்?”

பழைய கேள்வி இது. ஹைதராபாத்தை ஒட்டிய பட்டன்சேருவும் தொழிற்பேட்டைதான். 1980களில் அங்கே நெட்-என் ஹார்மோன் ஊசிக்கு ஏழைப் பெண்களை அழைத்தார்கள். அது சோதனை என்பதைச் சொல்லவில்லை. ஸ்திரீ சக்தி சங்கடனா, சஹேலி முதலிய பெண்கள் அமைப்புகள் 1986இல் உச்ச நீதிமன்றம் போயின. 2000இல் வழக்கு முடிந்தபோது, ஆலோசனையும் தொடர்கண்காணிப்பும் உள்ள இடத்தில்தான் அந்த ஊசியைத் தரலாம் என்று அரசே ஒப்புக்கொண்டது.

2017 முதல் டெப்போ என்ற இன்னொரு ஹார்மோன் ஊசியை ‘அந்தரா’ என்ற பெயரில் அரசு இலவசமாகத் தருகிறது. ஊசியே கூடாது என்பதல்ல என் வாதம். பிள்ளை எப்போது என்று அவளே முடிவுசெய்ய அது உதவும். ஆனால் ஒருநாள் லீவு போட்டால் சம்பளம் போகும் பெண்ணுக்கு ஏது தொடர்கண்காணிப்பு? உதிரப்போக்கு மாறும் என்பது ஆராய்ச்சித் தாள்களில் தெளிவாகவே இருக்கிறது. அவள் காதுக்குத்தான் வரவில்லை.

சொல்லாமல் வாங்கியதற்குச் சம்மதம் என்று பெயரில்லை.