ஒட்டுச் சந்திப்பும் சிமெண்ட் உவமையும்

என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்பு உயிரியல் பாடநூல், விலங்குத் திசுக்களின் மூன்று வகைச் செல் சந்திப்புகளை ஆளுக்கொரு வேலையோடு அறிமுகப்படுத்தி வந்தது. இறுக்கச் சந்திப்பு கசிவைத் தடுக்கும். ஒட்டுச் சந்திப்பு அண்டைச் செல்களைச் சிமெண்ட் போலப் பிணைக்கும். இடைவெளிச் சந்திப்பு செல்களிடையே தொடர்பு ஏற்படுத்தும். தேர்வுக்கு எளிதான இப்பகுப்பு, ஒட்டுச் சந்திப்பு வெறும் சாந்து என்ற எண்ணத்தை மாணவர் மனத்தில் பதித்துவிடுகிறது.

சிமெண்ட் செங்கல்லின் உள்ளே எதையும் மாற்றுவதில்லை. ஒட்டுச் சந்திப்போ செல்லின் உட்புறம் வரை செயல்படுகிறது. ஜப்பானிய அறிவியலர் மசாதோஷி தாக்கேய்ச்சி 1980களில் பெயரிட்ட கேட்ஹெரின் புரதங்கள், கால்சியம் இருக்கும்போது அண்டைச் செல்லின் கேட்ஹெரின்களைப் பற்றிக்கொள்கின்றன. கால்சியத்தை நீக்கினால் பிடி தளர்கிறது. உள்ளே அவை கேட்டெனின்கள் வழியே ஆக்டின் இழைகளோடு இணைகின்றன. இழுவிசை கூடினால் ஆல்ஃபா கேட்டெனின் விரிந்து, வின்குலின் என்னும் புரதத்தைச் சேர்த்துக்கொண்டு பிடியை வலுவாக்குகிறது. சந்திப்பில் பிணைப்பாகப் பணிபுரியும் பீட்டா கேட்டெனின், உட்கருவுக்குள் சென்று மரபணுக்களின் இயக்கத்தை மாற்றவும் வல்லது.

உவமையின் எல்லையை நோய்கள் காட்டிவிடுகின்றன. பெம்பிகஸ் நோயில் எதிர்ப்பொருள்கள் டெஸ்மோகிளீன் புரதங்களைத் தாக்க, செல்கள் பிரிந்து கொப்புளம் தோன்றுகிறது. இதுவரை சிமெண்ட் உவமை பொருந்தும். ஆனால் ஈ-கேட்ஹெரின் மரபணுவின் பிறழ்வே பரம்பரையாக வரும் ஒருவகை இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது 1998இல் நியூசிலாந்து மாவோரிக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. சிமெண்ட் உதிர்ந்தால் சுவர் இடியும். புற்று ஏன் வளர்கிறது என்பதற்கு அவ்வுவமையில் விடையில்லை.

பொருத்தமான உவமை தமிழிலக்கணத்திலேயே உள்ளது. பல்லும் பொடியும் புணர்ந்தால் பற்பொடி. மரமும் வேரும் புணர்ந்தால் மரவேர். நிலைமொழி தன்னை அடுத்து வரும் மொழிக்கேற்பத் திரிகிறது, கெடுகிறது, சில இடங்களில் இயல்பாகவே நிற்கிறது. சந்திப்பு என்ற கலைச்சொல்லில் அந்தச் சந்தியின் பொருளும் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. தமிழில் கற்பிப்போர் அதைப் பயன்படுத்துவதில்லை.

பள்ளி மாணவருக்குக் கேட்டெனின் வரை தேவையா என்ற கேள்வி நியாயமானது. அத்தனை புரதப் பெயர்களும் வேண்டியதில்லை. 'ஒட்டுச் சந்திப்புகள் செல்களைப் பிணைப்பதுடன், அண்டைச் செல்லின் இருப்பையும் இழுவிசையையும் செல்லுக்குள் உணர்த்துகின்றன' என்ற ஒற்றை வாக்கியம் போதும். நாளை மருத்துவமோ உயிரியலோ படிக்கப்போகும் மாணவர், முதலில் கற்றதை மறந்துவிட்டுத் தொடங்க வேண்டிய நிலை அதனால் தவிர்க்கப்படும்.