ஹைபர்னேட் பைலை எடுத்துவிடலாமா?

சி டிரைவில் 'ஹைபர்பில்' என்று ஒரு பைல் மறைந்திருந்து பல ஜிபி இடத்தைப் பிடித்துக் கொள்கிறதே, எடுத்துவிடலாமா? புதிதாக லேப்டாப் வாங்கிய நண்பர்கள் பலரும் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். லேப்டாப் என்றால் வேண்டாம் என்பதே என் பதில்.

ஸ்லீப் கொடுத்தால் உங்கள் வேலை ராம் மெமரியில்தான் நிற்கும். பாட்டரி தீர்ந்தால் போயே போச்சு. ஹைபர்னேட் அப்படியல்ல. ராமில் உள்ளதை அந்தப் பைலில் எழுதி வைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அணையும். மீண்டும் ஆன் செய்தால், பாதி டைப் செய்த கடிதம் விட்ட இடத்திலேயே இருக்கும்.

2001ல் வந்த எக்ஸ்பியில் இந்தப் பைல் ராமின் அளவுக்கே இருந்தது. 1 ஜிபி அல்லது அதற்கு மேல் ராம் போட்டிருந்தால், சில சமயம் ஹைபர்னேட் ஆகவே மறுக்கும். (கூடுதல் காசு கொடுத்து மெமரி வாங்கியவருக்குத்தான் இந்தத் தொல்லை!) விண்டோஸ் 10ல், தகவலைச் சுருக்கி எழுதுவதால், வழக்கமாக ராமில் 40 சதவீதம் போதும். 16 ஜிபி ராமுக்குச் சுமார் 6.4 ஜிபி. இடம் வேண்டுமா? முதலில் டவுன்லோட்ஸ் போல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

யுபிஎஸ் உள்ள டெஸ்க்டாப் என்றால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் பைலை நேரடியாக டெலிட் செய்ய விண்டோஸ் விடாது. கமாண்ட் பிராம்ப்ட் மூலம் ஹைபர்னேட்டை நிறுத்தினால் பைல் தானே போய்விடும். கூடவே 2012ல் விண்டோஸ் 8 கொண்டு வந்த பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் போய்விடும்.