யார் கண்ணுக்குக் கடிகாரம்?

எங்கள் வானொலி ஒலிப்பதிவு அறையில் மாட்டியிருக்கும் கடிகாரத்தை யாரும் அழகு என்று சொல்லமாட்டார்கள். வெள்ளை முகம், தடித்த கறுப்பு எண்கள், சிவப்பு விநாடி முள். ஓசையே இருக்காது, டிக் டிக் என்று ஓடினால் மைக் பிடித்துக்கொள்ளும். செய்திக்கு இன்னும் எத்தனை விநாடி என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வீட்டுக்குக் கடிகாரம் வாங்கப் போகிறேன் என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

புதுவீடு குடிபோகும் நண்பர்கள் இப்போது எண்களே இல்லாத கடிகாரமாகப் பார்த்து வாங்குகிறார்கள். சாம்பல் நிறச் சுவரில் இரண்டு தங்க முட்கள். படம் எடுத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கும் தோழியின் வரவேற்பறையிலும் அப்படி ஒன்று. கிள்ளானிலிருந்து வந்து தங்கியிருக்கும் அவள் அம்மாவுக்குக் கண்புரை. அடிக்கடி மணி கேட்கக் கூச்சம். தொலைக்காட்சி நாடகம் முடிந்ததும் சர்க்கரை மாத்திரை என்று தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். ஒருநாள் நாடகம் இல்லை. அன்று மாத்திரையும் இல்லை.

அதனால் கடைக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். 12 அங்குல வட்டமாகக் காகிதம் வெட்டி, எண்கள் எழுதி, முட்களையும் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் மூத்தவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்தே மணியைப் படிக்கட்டும். தெரியவில்லையென்றால் இன்னும் பெரிதாக வாங்க வேண்டும். மணி பார்க்கப் பழகும் பிள்ளை இருந்தால் பன்னிரண்டு எண்களோடு நிமிடக் கோடுகளும் அவசியம். தென்சுவரில் மாட்டக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் வாதாடாதீர்கள், இன்னும் மூன்று சுவர்கள் இருக்கின்றன. ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவரை நானே தவிர்ப்பேன்; கண்ணாடியில் வெளிச்சம் பட்டு எண்கள் மறைந்துபோகும்.

படுக்கையறைக்கு, விநாடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டே ஓடும் வகை நல்லது. கடையிலேயே பேட்டரி போட்டுக் காதில் வைத்துப் பாருங்கள். நின்றுபோன கடிகாரத்தில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள், கசிந்து உள்ளே அரித்துவிடும்.

தாத்தா காலத்துப் பெண்டுலம் கடிகாரத்தைத் தேடிப்பிடித்து மாட்டுவதும் இப்போது நாகரிகம். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கு நம் நாட்டுக் கடிகாரங்களை அரைமணி முன்னே தள்ளி 1982ஐத் தொடங்கினார்களே, அந்த இரவைக் கண்ட கடிகாரமாகக்கூட அது இருக்கலாம். உங்கள் அப்பா அம்மா அதற்கு முன் இங்கே தீபகற்பத்தில் பிறந்தவர்களா? சுவரைப் பார்த்துக் குறித்த அந்தப் பிறந்த நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம்தான் முந்தியது, இன்றுபோல் எட்டு அல்ல. ஜாதகம் கணிப்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அரைமணியில் லக்னமே மாறிவிடலாம்.

பெண்டுலம் கடிகாரம் சாயாமல் நேராகத் தொங்க வேண்டும். மெதுவாக ஓடினால் குண்டைச் சற்று மேலே ஏற்றுங்கள், வேகமாக ஓடினால் கீழே இறக்குங்கள். பெரும்பாலானவற்றுக்கு வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். அது யார் வேலை என்பதை மட்டும் மாட்டுவதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.