மகளுக்கு நகையா, நூலா?



ஆண்டுதோறும் பிப்ரவரி 11 அன்று தூய லூர்து அன்னையின் திருநாளைக் கொண்டாடுகிறோம். அதே நாளை, அறிவியல் துறையில் பெண்களையும் சிறுமியரையும் ஊக்குவிக்கும் உலக நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2015-ல் அறிவித்தது. கொடியேற்றம், நவநாள், தேர்பவனி ஆகியவற்றுக்கு நடுவே இந்த இரண்டாவது அழைப்பு நம் காதில் விழுவதில்லை.

"எங்கள் பெண்பிள்ளைகள் நன்றாகத்தானே படிக்கிறார்கள், இதில் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, அறிவியல் பாடங்களில் சேர்ந்திருந்த 57.2 இலட்சம் மாணவர்களில் 29.8 இலட்சம் பேர் பெண்கள். பாதிக்கும் மேல்! ஆனால் நாட்டின் ஆராய்ச்சியாளர்களில் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. கல்லூரி வாசலில் நுழைந்தவர்கள் ஆய்வகத்தின் வாசலை அடையவில்லை. இடைப்பட்ட தூரத்தில் அவர்களை நிறுத்தியது எது? அவர்களது அறிவுக் குறைவா, நமது மனக்குறைவா?

அன்னா மணி என்ற பெண்மணியின் வாழ்க்கை இதற்கு ஒரு விளக்கம். 1918-ல் பீர்மேட்டில், வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆண்பிள்ளைகளை உத்தியோகத்துக்கும் பெண்பிள்ளைகளைத் திருமணத்துக்கும் ஆயத்தம் செய்வது அவ்வீட்டு வழக்கம். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு வாங்கித் தர முன்வந்தபோது, அந்தச் சிறுமி அதை மறுத்து, கலைக்களஞ்சிய நூல் தொகுதி வேண்டும் என்று கேட்டார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-ல் பட்டம் பெற்று, பெங்களூரில் சர் சி.வி. இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். தோட்டில் பதிக்கும் வைரம் வேண்டாம் என்றவர், வைரமும் மாணிக்கமும் எப்படி ஒளிர்கின்றன என்று அங்கே ஆராய்ந்தார். 1942-க்கும் 1945-க்கும் இடையே ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தனியொருவராக எழுதினார். ஆயினும், முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் கூறி சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. அரசு உதவித்தொகையில் இலண்டன் சென்று வானிலைக் கருவிகள் பற்றிக் கற்று, 1948-ல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். சாதாரணக் கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்து தருவித்த காலம் அது. சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடங்கள் ஆயத்தம் செய்து அவற்றை இங்கேயே உற்பத்தி செய்ய வழிவகுத்தார். நாடெங்கும் சூரிய ஒளியை அளக்கும் நிலையங்களை அமைத்தார். 1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்று, 2001-ல் மறைந்தார்.

கத்தோலிக்கர்களாகிய நமக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. 1962-ல் விண்வெளி ஆய்வுக்கென தும்பாவிலுள்ள புனித மகதலா மரியா ஆலயத்தை விக்ரம் சாராபாய் கேட்டபோது, ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா தம் மக்களிடம் எடுத்துச்சொல்லி, அவர்களது சம்மதத்துடன் கொடுத்தார். 1963-ல் அதே தும்பாவில் வானிலை ஆய்வகத்தை அமைத்துக் கொடுத்தவர் இந்த அன்னா மணிதான். உயிர்த்த ஆண்டவரைக் கண்டு வந்து சொன்ன பெண்களின் வார்த்தையைச் சீடர்கள் முதலில் நம்பவில்லை என்கிறது நற்செய்தி. அந்த மகதலா மரியாவின் பெயர் தாங்கிய ஊர் ஆலயத்தருகே ஒரு பெண்ணின் அறிவு நாட்டுக்குப் பயன்பட்டது பொருத்தம்தானே!

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். திருவேற்காட்டில் வாழும் நமக்குக் கூவம் ஆறு பக்கத்தில். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் வானிலை அறிக்கையைக் கேட்டுத்தான் பொருட்களை மேலே ஏற்றி வைப்பதா என்று முடிவு செய்கிறோம். ஆவடியில் அர்ஜுன் பீரங்கி வண்டியை வடிவமைத்த மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அம்பத்தூரில் பெரிய தொழிற்பேட்டை இருக்கிறது. நம் பிள்ளைகள் தினமும் பேருந்தில் அவற்றைக் கடந்துதான் போகிறார்கள். உள்ளே போகலாம் என்று அவர்களிடம் சொல்வது யார்?

பெண் பிறந்த நாள் முதல் குண்டுமணி குண்டுமணியாகத் தங்கம் சேர்க்கிறோம். மஞ்சள் நீராட்டுக்குக் கடன் வாங்குகிறோம். அதே பெண் பட்டப்படிப்பு முடித்து, "எம்.எஸ்சி. படிக்கட்டுமா, ஆராய்ச்சி செய்யட்டுமா?" என்று கேட்டால், "பணத்துக்கு எங்கே போவது?" என்கிறோம். தாலிக்குத் தங்கமும் பணமும் தந்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் மாற்றியமைத்து, உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக்கியது. அரசு தன் கணக்கேட்டில் செய்த மாற்றத்தை நாம் நம் வீட்டுப் பீரோவில் செய்யக்கூடாதா?

திருமணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அதுவும் ஓர் அருளடையாளம். செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்த நிகார் ஷாஜி, 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தார். குடும்பமும் பிள்ளைகளும் அவருக்குத் தடையாகவில்லை. படிப்பும் குடும்பமும் பகையல்ல; வீட்டார் தோள்கொடுத்தால் இரண்டும் நடக்கும்.

எனவே, நம் அன்பியக் கூட்டங்களில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பெண்பிள்ளைகளின் மேற்படிப்பு பற்றிப் பேசுவோம். உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்ப, படித்த இளையோர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் கொடுக்கட்டும். திருமணம், மகப்பேறு காரணமாகப் படிப்பை விட்ட சகோதரிகள் மீண்டும் தொடர, கணவரும் மாமியாரும் வழிவிடட்டும்.

தாலந்து உவமையில் ஆண்டவர் கண்டித்தது தொலைத்தவனை அல்ல, புதைத்து வைத்தவனை. நம் மகள்களுக்கு இறைவன் தந்த அறிவை நகைப்பெட்டியின் அடியில் புதைத்து வைக்காதிருப்போம்.