கேக் கொடுத்தாச்சு, ஜாமீன் யார் கொடுப்பது?

எங்கள் பங்கில் சிறைப்பணிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மொத்தமே ஏழு பேர், அதில் ஒருவர் என் அம்மா. மாதம் ஒரு முறை ஒரு சிஸ்டருடன் மத்திய சிறைக்குப் போய் ஜெபம், பாட்டு, கொஞ்சம் பேச்சு என்று இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வருவார்கள். கிறிஸ்துமஸ் என்றால் கேக், பொங்கல் என்றால் சோப்பும் துண்டும். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் வேறு மதத்தினர் என்பதால், "மதம் மாத்தத்தானே போறீங்க?" என்று தெருவில் கேட்பவர்கள் உண்டு. "ஒரு துண்டுக்கெல்லாம் யாரும் மாற மாட்டாங்க தம்பி" என்பார் அம்மா :-)

நிற்க. அம்மாவைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அம்மா சந்திக்கும் பையன்களில் ஒருவன் திருட்டு வழக்கில் உள்ளே இருக்கிறான். இலவச சட்ட உதவி வக்கீல் மூலம் ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் அவன் வெளியே வரவில்லை. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். அவனுடைய அம்மா வாடகைக் குடிசையில் இருக்கிறார், உறவினர்கள் கைகழுவிவிட்டார்கள். "ஆன்ட்டி, நீங்க ஒரு கையெழுத்து போடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறான். அம்மா அதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல, அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார்.

நான் பி.காம். எல்லாவற்றையும் கணக்காகவே பார்த்துப் பழகிவிட்டது (பெருமை இல்லை, வியாதி). கேக் வாங்கினால் அது செலவு, அன்றே முடிந்துவிடும். ஜாமீன் அப்படி இல்லை. இன்று ஒரு பைசா கையிலிருந்து போகாது. ஆனால் அவன் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் கோர்ட் நம்மிடம் கேட்கும். வகுப்பில் இதைக் கண்டின்ஜென்ட் லயபிலிட்டி என்பார்கள், இருப்புநிலைக் குறிப்பின் அடியில் குறிப்பாக மட்டும் போடுவது. அப்பாவுக்குத் தூக்கம் வராமல் செய்வது அந்த அடிக்குறிப்புதான். அவர் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன், வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை.

இது ஒரு பையனின் கதை மட்டும் அல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. 1978-லேயே மோதிராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், அவருடைய அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி ஏற்க மறுத்துவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனை வருடம் ஆகிவிட்டது பாருங்கள்...

பணம்தான் பிரச்சினை என்றால் அதற்கும் வழி வந்திருக்கிறது. 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் ஏழை விசாரணைக் கைதிக்குப் பண உதவி உண்டு (எல்லா வழக்குக்கும் கிடையாது). அதே வருடம் ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் பிணைப் பத்திரம் கொடுக்க முடியாதவர்களின் நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று கோர்ட்டே பார்க்கலாம் என்றது. ஆனால் இதெல்லாம் அந்தப் பையனுக்குத் தெரியாது. அவன் சார்பில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய் நிற்க ஆளில்லை. பணத்தை விட ஆள்தான் அவனுக்குப் பஞ்சம். பங்கில் இருப்பதோ ஆட்கள்தானே? எங்கள் கோவிலில் ஞாயிறு இரண்டாம் பூசைக்கு உட்கார இடம் கிடைக்காது!

அம்மா பங்குப் பேரவையிலும் கேட்டுப் பார்த்தார். "பங்கு பேரில் இதெல்லாம் செய்ய முடியாதும்மா, வேணும்னா கேக் இன்னும் நூறு சேர்த்துக்கலாம்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

இந்தியாவில் இந்தப் பணி 1981-ல் கோட்டயம் அருகே வடவாதூர் குருமடத்து மாணவர்களால் தொடங்கப்பட்டது. இன்று பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா என்று நாடு முழுக்க இருக்கிறது. அதன் பாதுகாவலர் யார் தெரியுமா? புனித மாக்சிமிலியன் கோல்பே. 1941-ல் ஆஷ்விட்ஸ் முகாமில், பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்த பத்துப் பேரில் ஒருவர் என் மனைவி, என் பிள்ளைகள் என்று கதறியபோது, அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்னால் வந்தவர். காப்பாற்றப்பட்ட அந்த மனிதர் 1995 வரை வாழ்ந்தார். ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு, சிறைப்பணி ஞாயிறன்று, இந்தக் கதையைச் சொல்லிவிட்டுக் காணிக்கை எடுக்கிறோம். அவர் கொடுத்தது உயிரை, இங்கே கேட்பது ஒரு கையெழுத்தை.

அவன் திருடியவனாகவே இருக்கலாம். பொருளைப் பறிகொடுத்தவர் வீட்டுக்கு எந்தக் குழு போகிறது என்று அப்பா கேட்டார், நியாயமான கேள்வி, பதில் என்னிடம் இல்லை. ஆனால் கோர்ட்டே வெளியே போகலாம் என்று சொன்ன ஒருவனை ஏழை என்பதால் உள்ளே வைத்திருப்பதற்கு அது காரணமாகாது.

போன வாரம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு எழுத அம்மாவுக்கு நான் உதவினேன். அன்பியத்தில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் ஒரு ஜாமீனுக்குச் சம்மதித்துவிட்டார். இன்னொன்று பாக்கி. வீட்டு வரி ரசீது பீரோவில் இருக்கிறது, சாவி அப்பாவிடம். நேற்று ராத்திரி, "வாய்தா என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார்.